பழங்காலத்துக்கு ஓர் ஆசிரியர் – 14: லம்பத்தில் கிடைத்த ஆசான்

சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்று நீலகண்ட சாஸ்திரியார் பரிந்துரைத்ததையும், தமிழவேள் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுந்ததையும், வழக்கு தமிழ்ப் பக்கம் தீர்ந்து 1956இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை பிறந்ததையும் பார்த்துவிட்டோம். 1959இல் துறை கோலாலம்பூருக்கு வந்தது. அந்தத் துறையில் பழங்காலத்துக்கு ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் அறைக்குள் இந்த வாரம் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் பேராக் மாநிலத்துப் பீடோர் வந்து மறித்துக்கொண்டது.

ஈப்போவுக்குப் போகிற பழைய சாலையில் வண்டியை நிறுத்திக் கொய்யா வாங்காத வாசகர்கள் குறைவு. அந்தப் பீடோரில், ஆங்கிலோ ஓரியண்டல் ஈயலம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்), 1936இல் ஒரு வெண்கலச் சிலை வெளிப்பட்டது. உயரம் 79 சென்டிமீட்டர், எட்டுக் கைகள். ஸ்ரீவிஜயக் காலத்து அவலோகிதேசுவரர், மகாயான பௌத்தர்களின் கருணைப் போதிசத்துவர். சிவபெருமானைப் போலச் சடைமுடி இருக்கும். அந்தச் சடையின் முகப்பில் அமிதாப புத்தர் சின்னதாக அமர்ந்திருந்தால் அது அவலோகிதர் என்பது சிற்ப நூலறிந்தவர்கள் சொல்லும் அடையாளம். தெரியாதவர் சிவன் என்று கும்பிட்டுவிட்டுப் போக வாய்ப்புண்டு. சிலை இப்போது கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த அவலோகிதர் யார் தெரியுமா? அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்! 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல் தன் பாயிரத்திலேயே இதைச் சொல்கிறது. சிவன் சொல்ல அகத்தியர் கேட்டார், முருகன் சொல்லக் கேட்டார் என்றெல்லாம் நாம் கேட்டு வளர்ந்தோம். தமிழ்ப் பௌத்தர்கள் தங்களுடைய ஆசானை அந்த இடத்தில் வைத்தார்கள். நூலின் பெயரில் உள்ள வீரசோழன் வீரராசேந்திரன். கடாரத்தை வென்று, அதை அதன் மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாக மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொண்டவன். கடாரத்தோடு உறவாடிய அரசவையின் இலக்கண நூலில் தமிழாசானாக வருகிற அதே போதிசத்துவர், பேராக் மண்ணுக்குள் ஈயத்தோடு ஈயமாகக் கிடந்திருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1962இல் சுங்கை சிப்புட் அருகே ஜாலோங்கில் இன்னொரு வெண்கல உருவம் கிடைத்தது. வேதியர் ஒருவரின் உருவம் என்கிறார்கள். அகத்தியர்தான் என்று கருதுவோரும் உண்டு. அது உறுதியானால் ஆசானும் மாணாக்கரும் ஒரே மாநிலத்து மண்ணில் அகப்பட்டவர்கள் ஆவார்கள்.

"உறுதியானால்" என்கிற அந்தச் சொல்லில்தான் இந்தத் தொடரின் உயிரே இருக்கிறது. அதை யார் உறுதி செய்வது? பீடோர்ச் சிலையைப் பார்த்ததும் தமிழன் வார்த்தது, தமிழன் ஆண்டது என்று மேசையைத் தட்டுகிற ஒருவரைப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைத்தால் மாணவர்கள் கெட்டார்கள். வார்ப்பு முறையையும் சுமத்திரா, சாவகச் சிலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அதேபோல் சமஸ்கிருதமும் சிற்ப நூலும் கரைத்துக் குடித்த ஒருவர் வந்து, வீரசோழியம் என்ற பெயரையே கேள்விப்படாதவராக இருந்தால், அகத்தியருக்கும் இந்தச் சிலைக்கும் உள்ள தொடர்பு அவர் கண்ணில் படவே படாது. நமக்கு வேண்டியவர் இந்த இரண்டையும் அறிந்தவர். அப்படி ஒருவர் உருவாகப் பத்துப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். பழைய லிபியில் கண் பழகுவதற்கே எத்தனை காலம் வேண்டும்! விண்ணப்பத்தில் கட்டுரைகளை எண்ணிப் பார்த்து ஆள் எடுக்கிற குழுவின் முன்னால் இவர் எப்போதும் பின்தங்கியே தெரிவார். இந்த ஒரு நாற்காலிக்கு மட்டுமாவது எண்ணிக்கையை ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு கல்வெட்டு மைப்படியை மேசையில் விரித்து, "படியுங்கள் ஐயா" என்று கேட்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் நமக்கு ஒருமுறை வாய்த்தார். 1961இல் துறைத் தலைவராக வந்த சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறைப் பக்கம் 1913இல் பிறந்தவர். ரோமாபுரியில் இறையியல் படித்தவர், அதனால் இலத்தீன் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் படித்தார். பண்டைக் காலக் கல்வி பற்றிய ஆய்வுக்கு இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். சங்கப் பாட்டில் வரும் மலையையும் கடலையும் கிரேக்க, இலத்தீன் கவிகளின் இயற்கையோடு பக்கத்தில் வைத்துப் பேச அவரால் முடிந்தது.

இத்தனை மொழி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு நூலைக் காட்டினால் போதும். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான அந்தோம் தெ ப்ரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை, 1954இல் வத்திக்கான் நூலகத்தில் அடிகள் கண்டெடுத்தார். தமிழ் மட்டும் தெரிந்தவர் அந்த அலமாரி வரைக்கும் போயிருக்க மாட்டார். போர்த்துக்கீசியம் மட்டும் தெரிந்தவர் போயிருந்தாலும் கையில் இருப்பது என்ன புதையல் என்று அறிந்திருக்க மாட்டார். அகராதியை 1966இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையே வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அகராதிதான் பெரிது.

அடிகளோடு அந்தத் துறையில் பணியாற்றியவர் சின்னப்பா அரசரத்தினம். இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சியைப் பற்றி அவர்களுடைய ஆவணங்களையே படித்து ஆராய்ந்தவர். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் வரலாற்றை 1970இல் நூலாக்கியவரும் அவரே. பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஆக, ஒரு துறை தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் மூல மொழியில் ஆவணம் படிக்கிற இருவர் அங்கே இருந்தார்கள். துறையில் தமிழ் இருக்க வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக நிதி திரட்டிக் கொடுத்த பால்மரத் தொழிலாளியின் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த ஆசிரியர் போதும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. இன்றைக்கும் யாரும் நினைக்கக் கூடாது.

அடிகள் 1969இல் விடைபெற்றார். அவர் எழுந்த நாற்காலியில் அடுத்து யார், அவர்களை எப்படித் தேர்ந்தார்கள், மலாய்மொழி நிபந்தனை எப்போது எப்படி நுழைந்தது என்பதெல்லாம் இந்த வாரம் எழுத வேண்டியவை. பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் நேர்காணல் அறையில் தொடங்குகிறேன். அதற்குள் கோலாலம்பூர் பக்கம் போகிறவர்கள் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய், பீடோர்க்காரரின் சடைமுடியை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)