பிள்ளைக்கு விட்டுப்போக ஒரு கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது?

நம் நாட்டில் துப்பாக்கியைப் பிள்ளைக்கு விட்டுப்போகலாம். அதன் உரிமத்தை விட்டுப்போக முடியாது. நகை, நிலம் மாதிரி உயிலில் எழுதிவைத்தால் போதும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும்தான் உயில் சொல்லும். அதை வீட்டில் வைத்துக்கொள்ள, வாரிசு தன் பெயரில் தனியாக உரிமம் (ஆயுதம் வைத்திருக்க அரசு எழுத்தில் தரும் அனுமதி) வாங்கியாக வேண்டும்.

அதனால் இங்கே நல்ல கைத்துப்பாக்கி என்றால் முப்பது வருடம் கழித்து இன்னொருவர் பெயருக்கு மாற வேண்டும், அன்றைக்கும் அதற்குத் தோட்டா கிடைக்க வேண்டும், அன்றைக்கும் ஒழுங்காகச் சுட வேண்டும். அழகும் கம்பெனிப் பெயரும் அதற்குப் பிறகுதான்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஒருவர் மூன்று வரை வைத்திருக்க முடிந்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வருவதும் இந்த இரண்டுக்குள்தான் அடங்கும். உங்கள் மகனிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால், அதில் ஒன்றை விடாமல் உங்களுடையதை அவர் வாங்கிக்கொள்ள முடியாது. யாருக்குப் போகப்போகிறது என்பதை வாங்கும்போதே யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

ரிவால்வரா, பிஸ்டலா? ரிவால்வர் என்பது, தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும் வகை. பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள் செருகும் மேகசினில் (தோட்டாவை அடுக்கும் சிறு தகரப் பெட்டி) இருக்கும். சுடுவதற்கு இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். விட்டுப்போவதற்கு என்றால் நான் ரிவால்வர் பக்கம். பழைய பிஸ்டலில் முதலில் கெடுவது அந்த மேகசின். அதன் வாய் சற்று நெளிந்தாலே தோட்டா சிக்கும். தொலைந்துபோனால், ஐம்பது வருடப் பழைய மாடலுக்கு மாற்று தேடி அலைய வேண்டும். ரிவால்வரில் தனியாகக் கழன்று தொலைய அப்படி ஒன்றும் இல்லை.

எந்த அளவு வாங்குவது? காலிபர் (குழலின் உள்விட்டம்) விஷயத்தில் ரசனைக்கு அவ்வளவாக இடமில்லை. 9 மி.மீ., .38, .455 ஆகியவை தடைசெய்யப்பட்ட வகையில் வருகின்றன. சினிமாவில் வெள்ளைக்கார அதிகாரி இடுப்பில் செருகியிருக்கும் பெரிய வெப்ளி ரிவால்வர் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றுக்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். சாதாரணக் குடிமகனுக்கு அது கிடைப்பது அரிது. உங்களுக்கே கிடைத்தாலும் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அவற்றை விட்டுவிடுங்கள்.

மிச்சத்தில் நடைமுறைக்கு ஒத்துவருவது .32. இதற்கான தோட்டா புனே அருகே கட்கியில் உள்ள அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையில் தயாராகிறது. தோட்டாவின் அடிப்பகுதியில் 'கே.எஃப்.' என்ற முத்திரை இருக்கும். உள்நாட்டிலேயே தோட்டா தயாராவது எவ்வளவு பெரிய வசதி என்பது, வெளிநாட்டுத் தோட்டா மட்டுமே ஏற்கும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குபவரைக் கேட்டால் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. .32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. முதலாவதன் கூடு 23 மி.மீ. நீளம், இரண்டாவதன் கூடு 17 மி.மீ. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் போடக் கூடாது. உரிமத்திலும் கடை ரசீதிலும் எது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

சுட்டு ரசிக்க .32 போதுமா? தாராளமாகப் போதும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் பெரும்பாலான வீரர்கள் பயன்படுத்துவது .32 ரிவால்வர் தோட்டா வகையைத்தான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். போட்டிக்குரிய பிஸ்டலும் வீட்டு ரிவால்வரும் ஒன்றல்ல. ஆனால் இந்தத் தோட்டா குறி தவறாதது, உதைப்பும் குறைவு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எங்கே சுடுவது என்றால், ரைபிள் கிளப்பில் சேர்ந்து, அங்கே மட்டும். தோட்டத்தில், மொட்டை மாடியில், கல்யாண ஊர்வலத்தில் சுட்டால் உரிமமும் போகும், வழக்கும் வரும்.

புதியதா, பழையதா? புதியது என்றால் கான்பூர். அங்குள்ள அரசுத் தொழிற்சாலைகளில் தயாராகும் .32 ரிவால்வர், வெப்ளி மார்க் 4 அமைப்பைத் தழுவியது. குழலை முன்பக்கம் மடக்கினால் பின்பக்கம் திறக்கும். 2014-இல் வந்த 'நிர்பீக்' டைட்டானியக் கலப்பு உலோகத்தால் ஆனது, எடை சுமார் 500 கிராம். 2023-இல் வந்த 'பிரபல்' ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். எடை குறைந்தால் சுமப்பது சுகம், சுடுவது கஷ்டம். உதைப்பு முழுக்கக் கைக்கு வரும். கிளப்பில் ரசித்துச் சுட நினைப்பவருக்கு நான் கனமான எஃகையே சொல்வேன்.

பழையது என்றால் வெப்ளி அண்ட் ஸ்காட், கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன். .32 ரிவால்வரின் நீளத் தோட்டாவே 1896-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்திடமிருந்து வந்ததுதான். தனிநபர்களுக்கான இறக்குமதி 1980-களின் நடுவில் நின்றுவிட்டதால், நாட்டுக்குள் அன்று இருந்தவையே கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டிருக்கின்றன. லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். அதில் வேலைப்பாட்டுக்கான விலை கொஞ்சம், கிடைக்காததற்கான விலை அதிகம். பெயரைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் பொருளைப் பாருங்கள்.

கடையில் எதைப் பார்ப்பது? உருளையைத் திறந்து காலியாக இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

பிறகு குழல். பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே சுருள் சுருளாக ஓடும் வரிகள் கூர்மையாக, பளபளப்பாகத் தெரிய வேண்டும். கறுப்புப் புள்ளிகளும் சிறு குழிகளும் தெரிந்தால், துரு உலோகத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். துடைத்தால் அது போகாது.

அடுத்தது உருளை. சுத்தியை (தோட்டாவின் பின்பக்கம் அடிக்கும் பாகம்) பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் உருளை 'டக்'கென்று ஒரு இடத்தில் நிற்க வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒன்றில் பாதியிலேயே நின்று, கையால் தள்ளினால்தான் சரியாகப் பொருந்துகிறது என்றால், சுடும்போது அறையும் குழலும் நேராக இராது. அது கையைக் கிழிக்கும் பழுது. வெப்ளி வகையில் கூடுதலாக, மூடிய நிலையில் குழலைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். கீலில் ஆட்டம் இருக்கக் கூடாது.

இனி, விற்பவர் சொல்லாத கதையைத் துப்பாக்கியே சொல்லும் இடங்கள். திருகாணித் தலைகளைப் பாருங்கள். காடி சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கழற்றி மாட்டியிருக்கிறார். பொறித்த எழுத்துகளைப் பாருங்கள். எஃகின் நீலப் பூச்சு புத்தம் புதிதாக மின்ன, கம்பெனிப் பெயரின் ஓரங்கள் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தால், துருவை மறைக்க அரைத்து மெருகேற்றி மறுபடி பூச்சுப் போட்டிருக்கிறார்கள். பழைய பூச்சு அங்கங்கே தேய்ந்து எழுத்து கூர்மையாக இருப்பதுதான் நேர்மையான துப்பாக்கி. நீங்களும் பளபளப்புக்கு ஆசைப்பட்டு மறுபூச்சு போடாதீர்கள்.

கடைசியாக எண். சட்டகத்தில் உள்ள தயாரிப்பு எண், உரிமத்தில் உள்ள எண், ரசீதில் உள்ள எண் மூன்றும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்பதே குற்றம். தேய்ந்து படிக்க முடியாத எண்ணும் வேண்டாம்.

தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கைக்குக் கை அல்ல. உங்களிடம் உரிமம் இருக்க வேண்டும். விற்பவர் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கொடுக்கலாம்.

வாங்கியாயிற்று, எப்படி வைத்துக்கொள்வது? சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் என்றால் முதல் எதிரி உப்புக் காற்று, அடுத்தது நம் கை வியர்வை. தொட்ட ஒவ்வொரு முறையும் துப்பாக்கி எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசினாகி விசையை இறுக்கிவிடும். தோல் உறைக்குள் போட்டு வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்; உறை தொட்ட இடமெல்லாம் துரு பூக்கும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் வழக்கம் உண்டு. வையுங்கள். ஆனால் இரவு அதை அப்படியே பெட்டிக்குள் வைக்க வேண்டாம். ஈரச் சந்தனம் நீலப் பூச்சில் ஒரே வாரத்தில் வட்டமாகக் கறை பிடித்துவிடலாம். பிடியின் மரத்தில் பொட்டு வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். சாவி உங்களிடம் மட்டும். வீட்டுக் குழந்தைகளுக்கு அது இருக்கும் இடம் தெரியாது என்று நம்பாதீர்கள், தெரியும்.

உரிமம் ஐந்து வருடம் செல்லும். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால் அதே துப்பாக்கி சட்டவிரோத ஆயுதமாகிவிடும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து வருடம் வரை சிறை. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எண்ணெய் பூசி, துணி சுற்றி, எண்ணுடன் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அந்த எண்ணை அங்கேயே சரிபாருங்கள்.

பிள்ளைக்கு எப்போது மாற்றலாம்? சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பலருக்கும் இது தெரியாது. 2016 ஆயுத விதிகளின்படி, உங்களுக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது சட்டப்படியான வாரிசு ஒருவரை நியமித்து அவர் பெயரில் உரிமம் கேட்கலாம். நாற்பது வயதில் வாங்கினால் அறுபத்தைந்தில் கொடுத்துவிடலாம். கொடுத்த கையோடு, சுத்தம் செய்வது எப்படி, சுடுவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவும் முடியும். நான் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

வாரிசுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை பாதகமாக இருக்கக் கூடாது. மற்றத் தகுதிகளும் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு உள்ளவையேதான். அப்பாவின் துப்பாக்கி என்பதால் தானாகக் கிடைத்துவிடாது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகம், மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம்.

கர்நாடகத்தின் குடகு நாட்டில் இது வேறு மாதிரி. அங்குள்ள கொடவர்களுக்கும், பரம்பரையாக வரும் ஜம்மா நிலத்தின் உரிமையாளர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு "பரம்பரைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாமாமே" என்று இங்கே சிலர் சொல்வார்கள். நமக்கு அது பொருந்தாது.

திடீரென்று இறந்துவிட்டால்? வீட்டில் உள்ளவர் யாருக்கும் அதை வைத்திருக்க அந்த நிமிடத்திலிருந்து உரிமை இல்லை. காரியம் முடியட்டும் என்று பீரோவிலேயே விட்டுவைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ தாமதமின்றி ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. குறித்த காலத்துக்குள் கோராத ஆயுதத்தை அரசு பறிமுதல் செய்துகொள்ளலாம்.

இதற்காக ஒரு கோப்பு போட்டு வையுங்கள்: வாங்கிய ரசீது, உரிமத்தின் நகல், பழைய புதுப்பிப்புகள், எண் தெளிவாகத் தெரியும் புகைப்படம், பழுது பார்த்த விவரம். துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் அல்ல, வீட்டுப் பத்திரங்களோடு. அந்தப் பெட்டியைத் திறக்க உரிமை இல்லாதவருக்குத்தான் அந்தக் காகிதங்கள் முதலில் தேவைப்படும்.

பிள்ளைகள் யாருக்குமே வேண்டாம் என்றால் மனம் வருந்த வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே, காகிதங்களோடு, உரிமம் பெற்ற கடைக்கோ இன்னொரு உரிமதாரருக்கோ முறைப்படி விற்றுவிடலாம். நல்ல .32 ரிவால்வரை வாங்க எப்போதும் ஆள் காத்துக்கொண்டிருக்கும்.