படத் தபாலட்டையில் ஒரு பழைய ஆலயம்

மகர்பட்டாவிலும் ஹடப்சரிலும் வாழும் தமிழன்பர்கள் ‘கேம்ப்’ என வழங்கும் பழைய பாளையப் பகுதியை நன்கறிவர். அங்கே தூய மரியாள் ஆலயம் 1825ஆம் ஆண்டு முதல் நின்று வருகிறது. 1817இல் கடகிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றபின் பூனாவில் நிலைகொண்ட ஆங்கிலச் சேனையின் வழிபாட்டுக்கென எழுந்தது அது. அதன் தோற்றத்தைத் தாங்கிய பழைய படத் தபாலட்டைகள் உண்டு.

அத்தகைய அட்டை கையிற் கிடைத்தால் நாம் படத்தையே முதலில் நோக்குவோம், அஃது இயல்பே. ஆனால் கட்டடம் பெரிதும் மாறாது நிற்பதாகையால் படம் காலத்தைக் கூறாது. கூறுவது அட்டையின் பின்புறம். தொடக்கத்தில் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது. செய்தி எழுத விரும்பியவர் படத்தின் ஓரத்து வெள்ளையிடத்தில் நுணுக்கி எழுத வேண்டும். 1902இல் பிரித்தானியத் தபால் துறை பின்புறத்தை இரண்டாக வகுத்து, இடப்பாதியைச் செய்திக்கு விட்டது. பிற நாடுகளும் சில ஆண்டுகளில் இதனைப் பின்பற்றின. ஆகவே நடுக்கோடு இல்லாத அட்டை பெரும்பாலும் 1900ஐ ஒட்டியதாகும். சென்னை ஹிக்கின்பாதம்ஸ், பம்பாய் கிளிப்டன் போன்றோர் படத் தபாலட்டைகளை வெளியிட்ட காலம் அது. ஜெர்மனியில் அச்சிட்டதாகக் குறிப்பிருந்தால், அட்டை 1914ஆம் ஆண்டுப் போருக்கு முந்தியதாக இருத்தல் கூடும். தபால்தலைக்கு ஆசைப்பட்டு அட்டையை நீரில் ஊறவைப்போர், தேதி முத்திரையையும் சேர்த்தே இழக்கின்றனர்!

அட்டையில் அச்சிடாத செய்தி ஒன்று தமிழருக்கு நெருக்கமானது. இவ்வாலயத்தை 1825இல் பிரதிட்டை செய்தவர் கல்கத்தா அத்தியட்சர் ரெஜினால்டு ஹீபர். ஆலயம் விசாலமானது, வசதியானது, ஆயினும் கட்டடக் கலைச் சுவையில் குறையுடையது என்பது அவர் கருத்து. அட்டையைக் காண்போர் தாமே தீர்ப்புக் கூறிக்கொள்ளலாம். மறு ஆண்டு அவர் தமிழகம் வந்தார். தஞ்சையில் உயிர்ப்புத் திருநாளைக் கொண்டாடிவிட்டுத் திருச்சிராப்பள்ளியை அடைந்தார். 1826 ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் தமிழ்க் கிறித்தவர்களிடையே வழிபாட்டை முடித்துத் திரும்பியவர், களைப்பு நீங்கக் குளிக்க இறங்கிய நீரிலேயே உயிர் நீத்தார். வயது 42. திருச்சி தூய யோவான் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

திருச்சிப் புத்தூரிலுள்ள பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்குப் பயின்று இன்று மகர்பட்டாவின் கணிப்பொறி அலுவலகங்களில் பணிபுரிவார் உளராயின், தம் கல்லூரியின் பெயருக்குரியவர் பிரதிட்டை செய்த ஆலயம் அவர்களுக்குத் தொலைவில் இல்லை. இந்த அட்டையை வைத்திருப்போர், அதனை இட்டுவைக்கும் உறையின்மேல், அட்டையின்மேலன்று, ‘ஹீபர், 1825’ எனப் பென்சிலால் குறித்து வைக்கலாம்.