லூயி பிரெயில் பிறந்த இல்லம்

பிரான்சு நாட்டில் அருங்காட்சியகங்களாக விளங்கும் அரண்மனைகள் பலவுண்டு. அவற்றை விடுத்து, ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு நாம் செல்வோம். பாரிசு மாநகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்து வாழ்ந்த சிமோன் ரெனே பிரெயில் என்பாரின் வீடு இன்றும் பேணிக் காக்கப்படுகிறது. அவருடைய நான்காம் பிள்ளையான லூயி, 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் இவ்வீட்டில் பிறந்தார்.

ரொட்டி சுடும் அடுப்புடன் கூடிய அறையைக் கடந்து, தந்தையாரின் பட்டறையைக் காண்போம். தோல் வெட்டும் கத்திகளும் குத்தூசிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. மூன்று வயதுக் குழந்தையான லூயி, தந்தையைப் போலத் தானும் தோலைத் துளைக்க முயன்றபோது குத்தூசி நழுவிக் கண்ணில் பாய்ந்தது. அப்புண் மறு கண்ணையும் பற்றியது. ஐந்து வயதுக்குள் பார்வை முற்றும் மறைந்தது. (நம் இல்லங்களில் பால்மரம் வெட்டும் கத்தி எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் இன்றே கவனிப்பது நன்று.)

பார்வையற்ற பிள்ளைகள் பிச்சை எடுத்துத் திரிந்த காலம் அது. ஆயினும் அப்பெற்றோர் மகனை மூலையில் அமர்த்தி வைக்கவில்லை. தந்தை கைத்தடி செய்து கொடுத்தார். மரப்பலகையில் ஆணிகளை அறைந்து, எழுத்துகளின் வடிவத்தை விரலால் உணரச் செய்தார். ஊர்ப் பள்ளிக்கும் அனுப்பினர். பத்து வயதில் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் லூயி சேர்ந்தார்.

படைத்துறையைச் சார்ந்த சார்ல்சு பார்பியே என்பவர் வகுத்த புள்ளியெழுத்து அப்பள்ளிக்கு வந்தது. அதில் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தமையால், விரல்நுனி ஒரே தொடுதலில் அதனை அறிய இயலவில்லை. லூயி அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824இல் அம்முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது பதினைந்தே! ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 குறிகளை அமைக்கலாம். தாளின் பின்புறத்தில் எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தினால், முன்புறத்தில் புள்ளிகள் புடைத்து நிற்கும். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பர். அவ்வெழுத்தாணியின் வடிவமோ, பட்டறையில் நாம் கண்ட குத்தூசியின் வடிவமே. தமிழும் இப்புள்ளிகளால் எழுதப்படுகிறது.

லூயி 1852இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்தே அவர் பயின்ற பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றது. நூறாண்டுக்குப் பின், 1952இல், அவருடைய உடல் எச்சங்கள் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அவை அவ்வூர்க் கல்லறையில், ஒரு சிறு கலயத்தில் உள்ளன.