சீட்டில் இருந்தும் 'லேட்'!

ஒன்பதரைக்கு ஆபீஸ். ஒன்பது இருபதுக்கே சீட்டில் ஆஜர். ஆனாலும் அட்டெண்டன்ஸில் 'லேட்'! காரணம்? கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, நெட்வொர்க் எழவில்லை. மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவ் காலி என்றால் வயிறு எரியுமா, எரியாதா?

"மெஷின் பழசு சார்" என்று கைவிரிக்கும் முன் ஒரு சின்ன சோதனை. கம்ப்யூட்டர் எழுந்ததும், "எனக்கு ஒரு விலாசம் கொடுங்க"ன்னு நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும். விலாசம் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர். 1993-ல் வந்தது. பதிலே வராவிட்டால், விண்டோஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 169.254 என்று ஆரம்பிக்கும் விலாசத்தைத் தானே சூட்டிக்கொள்ளும். இழுக்கிற இழுப்பு இங்கேதான்!

கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக்' அடித்துப் பாருங்கள். அந்த நம்பர் தெரிந்தால் முதலில் கேபிள், அப்புறம் ஸ்விட்ச், ரவுட்டர்.

விலாசம் ஒழுங்காக இருந்தும் இழுக்கிறதா? எப்போதோ தூக்கிப்போட்ட சர்வரின் 'இஸட்' டிரைவ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிடையர் ஆனவர் வருவாரென்று தினமும் காத்திருக்கிறது, பாவம்! 'டிஸ்கனெக்ட்' பண்ணிவிடுங்கள்.

இன்னொன்று. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, பல மெஷின்களில் 'ஷட் டவுன்' என்பது அரைத் தூக்கம்தான். புதிதாக எழ வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

எதற்கும் மசியவில்லையா? சிஸ்டம் அட்மினிடம் "ஸ்லோவா இருக்கு சார்" என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். "169.254 சார்" என்று சொல்லிப் பாருங்கள்... டீயைப் பாதியில் வைத்துவிட்டு வருவார்!