மக்காச்சோளம் பெரம்பலூரில், சுண்ணாம்பு அரியலூரில், தமால் எங்கே?

முதலில் ஒரு விஷயத்தை முடித்துவிடுகிறேன். 'தமால்' என்ற மெக்சிகோ பலகாரத்துக்கும் 'தமிழ்' என்ற சொல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாளைக்கே வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். மெக்சிகோவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான நாவாட்லில் அதன் பெயர் 'தமல்லி'. ஸ்பானிஷில் ஒன்று என்றால் தமால், பல என்றால் தமாலெஸ். அவ்வளவுதான்.

பெயரில் இல்லாத தொடர்பு சமையலில் இருக்கிறது. மக்காச்சோள மாவைக் கொழுப்பு சேர்த்து அடித்து, நடுவில் பூரணம் வைத்து, கதிரின் காய்ந்த தோகையில் சுற்றி, ஆவியில் வேகவைப்பதுதான் தமால். நம்ம ஊர்ல பூவரசு இலையில் கொழுக்கட்டை அவிப்பார்கள்; தெற்கே திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை செய்வார்கள். வேலை ஒன்றேதான். அரிசிக்குப் பதில் மக்காச்சோளம், ஓலைக்குப் பதில் தோகை.

இதை ஏன் பெரம்பலூர், அரியலூரோடு சேர்த்து எழுதுகிறேன்? தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றாலே முதலில் சொல்லப்படும் மாவட்டம் பெரம்பலூர். பக்கத்து அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் பேர்போனது. தமாலுக்கு வேண்டிய முக்கியமான இரண்டு பொருள்கள் எவையென்றால் மக்காச்சோளமும் சுண்ணாம்பும்தான்! இரண்டும் அடுத்தடுத்த மாவட்டங்களில் கிடக்கின்றன. ஆனால் மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் பக்கம் கோழித்தீவனமாகவும், சுண்ணாம்புக்கல் சிமென்ட்டாகவும் போய்விடுகின்றன. நாம் தின்பதெல்லாம் சாலையோரத்தில் அவித்தோ சுட்டோ விற்கும் கதிர் மட்டுமே.

சுண்ணாம்பு எதற்கு?

முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து பாருங்கள். ஒட்டாது, உதிரும். மேல்தோல் தடிப்பானது, சாதாரணத் தண்ணீரில் எவ்வளவு ஊறினாலும் லேசில் கழன்று வராது.

மெக்சிகோக்காரர்கள் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை தோலில் இருக்கும் நார்ப்பொருளைக் கரைக்கிறது. காலையில் கையால் தேய்த்தாலே தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அரைத்தால் மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இந்த முறைக்கு உட்பட்ட மக்காச்சோளத்துக்கு 'நிஷ்தமால்' என்று பெயர். நாவாட்லில் சாம்பல் என்ற சொல்லும் தமல்லியும் சேர்ந்தது. சாம்பல்நீரிலும் இதே வேலை நடக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் (வைட்டமின் பி3) உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கூடவே கொஞ்சம் கால்சியமும் சேர்கிறது.

கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் கடல் கடந்து ஐரோப்பா போனது. விதை போனது, சுண்ணாம்பு வித்தை போகவில்லை. ஏழைகள் மூன்று வேளையும் மக்காச்சோளக் கூழையே குடித்த இடங்களில் ஒரு நோய் வந்தது. தோல் கருத்து வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் இதை விவரித்தார். பிறகு இத்தாலியில் பெலாக்ரா என்ற பெயர் வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1914-இல் ஆய்வைத் தொடங்கிய ஜோசப் கோல்ட்பெர்கர், இது சாப்பாட்டுக் குறைபாடு என்று காட்டினார். குறைவது நியாசின்தான் என்பது 1937-இல் கான்ராட் எல்வேஹெம் செய்த ஆய்வில் தெளிவானது. மெக்சிகோவில் காலங்காலமாக மக்காச்சோளத்தையே உண்டவர்கள் இந்த நோயில் அப்படி மாட்டவில்லை. சுண்ணாம்பும், கூடவே உண்ட பீன்ஸும் காப்பாற்றின.

இந்தியாவில் பெலாக்ரா வேறு வழியில் வந்தது. தக்காணத்தில் வெள்ளைச்சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளிடம் இருந்ததை ஹைதராபாத்தில் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்து 1960-இல் எழுதினார்கள். அதற்காக நீங்கள் வாங்கித் தின்னும் அவித்த கதிரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சோறு, பருப்பு, பால் என்று கலந்து சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு பயிரை வாங்கிக்கொண்டு, அதைப் பல நூறு ஆண்டுகள் சமைத்தவர்களின் முறையை விட்டுவிட்டால், விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

நமக்குச் சுண்ணாம்பு புதிதல்ல. வெற்றிலைக்குத் தடவுகிறோம். பதநீர் புளிக்காமல் இருக்கப் பானையின் உட்புறம் பூசுகிறோம். மக்காச்சோளத்தில் மட்டும் போடாமல் விட்டோம்.

வீட்டில் செய்ய

ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உண்ணும் சுண்ணாம்புத் தூள். வெற்றிலைக் களிம்பாக இருந்தால் அதில் தண்ணீரும் இருப்பதால் 15 முதல் 20 கிராம். நிறமோ வாசனையோ சேர்க்காததாகப் பாருங்கள். கட்டட வேலைச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். விதை பாக்கெட்டில் வரும் மக்காச்சோளமும் கூடாது, அதில் மருந்து கலந்திருக்கும். பூஞ்சை பிடித்த மணிகளைப் பொறுக்கி எறியுங்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

அலுமினியப் பாத்திரம் சுண்ணாம்போடு வினைபுரியும், எவர்சில்வர்தான் சரி. முக்கால் மணி நேரம் மெதுவாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோலைத் தேய்த்து, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். பிறகு கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக, ரவைப் பதத்தில் அரைக்க வேண்டும்.

மாவின் எடையில் கால் பங்கு கொழுப்பு. அங்கே பன்றிக்கொழுப்பு, இங்கே வெண்ணெய் போதும். உப்புப் போட்டு நன்றாக அடியுங்கள். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். பூரணம் உங்கள் இஷ்டம்: கோழி, பன்னீரும் பச்சைமிளகாயும், தேங்காயும் வெல்லமும் எதுவும் ஒத்துப்போகும்.

தோகைக்கு ஒரு எச்சரிக்கை. 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பது கூடிவிட்டது. (அந்தப் புழுவுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான்.) மருந்து அடிக்காத காட்டுத் தோகை கிடைக்காவிட்டால் வாழையிலையை வாட்டிச் சுற்றுங்கள். இது சமாளிப்பு இல்லை. மெக்சிகோவின் ஓஹாகா பகுதியில் வாழையிலைத் தமால்தான் பேர்போனது.

இட்லிக் கொப்பரையில் நிமிர்த்தி அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் அவிக்கவும். மெக்சிகோப் பாட்டிமார் அடியில் ஒரு காசு போடுவார்கள். தண்ணீர் இருக்கும்வரை காசு கிலுகிலுவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது. எந்த டைமரும் வேண்டாம்!

வெளிநாட்டில் தேடுபவர்களுக்கு

டெக்சாஸ், கலிபோர்னியா பக்கம் ஆன்சைட் போகிறவர்கள் டிசம்பரில் தேடுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிக் குடும்பமே உட்கார்ந்து செய்து, டஜன் கணக்கில் விற்பார்கள். கடையில் கேட்பதைவிட மெக்சிகோ சக ஊழியரிடம் கேட்பது மேல். பிரித்ததும் தோகை ஒட்டாமல் வர வேண்டும். மாவு பஞ்சுபோல் இருக்க வேண்டும். லேசான சுண்ணாம்பு மணம் வர வேண்டும். சைவர்கள் பூரணத்தை மட்டும் கேட்டால் போதாது, மாவில் 'மான்தேக்கா', அதாவது பன்றிக்கொழுப்பு, இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தோகையைத் தின்னக் கூடாது. 1976-இல் சான் அன்டோனியோவில் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு தோகையோடு கடித்துவிட்டார். அந்த ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மெக்சிகோவில் தமாலுக்கென்றே ஒரு நாள் உண்டு, பிப்ரவரி 2. ஜனவரி 6 அன்று வெட்டும் ரொட்டிக்குள் ஒளித்துவைத்த குட்டிப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் அன்றைக்கு எல்லோருக்கும் தமால் போட வேண்டும். நம்ம பக்கம் மானாவாரி மக்காச்சோளத்தை அறுத்து ரோட்டில் காயப்போடுவதும் ஏறக்குறைய அதே தை மாதத்தில்தான். அப்போது தெரிந்த விவசாயியிடம் ஒரு கிலோ வாங்குங்கள். சுண்ணாம்பு பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.