சன்னி அடேயும் பேசும் மேளமும்

ஆப்பிரிக்க இசை என்றாலே காதைக் கிழிக்கிற முரசு என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. நைஜீரியாவின் கிங் சன்னி அடேயைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாலைந்து கிதார்கள் ஆளுக்கொரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். மேலே ஸ்டீல் கிதார் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். நம் மெல்லிசைக் குழுக்களில் ஹவாயன் கிதார் என்பார்களே, அதன் உறவுக்காரன்.

1946-ல் பிறந்த அடே, ஒண்டோ நகரத்து அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். லேகோஸில் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அங்கே மோசஸ் ஒலையாவின் வாத்தியக் குழுவில் சேர்ந்துகொண்டார். (அந்த ஒலையா பின்னாளில் 'பாபா சாலா' என்ற பெயரில் பெரிய நகைச்சுவை நடிகரானது தனிக்கதை.) 1967-ல் சொந்தக் குழு தொடங்கினார்.

அவர் வாசித்த இசைக்கு 'ஜூஜூ' என்று பெயர். 1930-களில் லேகோஸில் உருவானது. யொருபா மக்களின் கல்யாணம், பெயர்சூட்டு, பெரியவர்களின் சாவுச் சடங்கு, எதுவானாலும் விடிய விடிய ஜூஜூதான். பாடகர் விருந்தினரின் பெயர் சொல்லிப் புகழ்வார். அவர் ஆடிக்கொண்டே வந்து நோட்டு நோட்டாகப் பாடகரின் நெற்றியில் ஒட்டுவார். நம் கரகாட்டத்தில் ரூபாய் குத்துகிற மாதிரிதான். 2007-ல் வந்த சட்டம் இதைக் குற்றமாக்கியது. ஆனாலும் வழக்கம் நின்றபாடில்லை.

இதில் உயிர்நாடி பேசும் மேளம். உடுக்கை போல இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கி, கயிற்றை அழுத்தி, வளைந்த குச்சியால் தட்டுவார்கள். அழுத்த அழுத்த சுருதி ஏறும். யொருபா மொழியில் குரல் உயர்ந்தால் ஒரு பொருள், தாழ்ந்தால் வேறு பொருள். 'ஒக்கோ' என்ற ஒரே சொல், ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து கணவன், மண்வெட்டி, வண்டி என்று மாறும். ஆகவே மேளக்காரர் அந்த ஏற்ற இறக்கத்தை வாசித்தே பழமொழி சொல்வார், விருந்தினரின் குலப்பெருமை பேசுவார். தெரிந்தவர்களுக்கு அது தாளமல்ல, பேச்சு.

சரி, மொழி தெரியாத ஊரில் இந்த மேளம் என்ன பேசும்? 1981-ல் பாப் மார்லி மறைந்த பிறகு, அவருடைய ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் அடேயைத் தேடி வந்தது. ஊரில் ஒரு பக்கம் முழுக்க இருபது நிமிஷம் நிற்காமல் ஓடுகிற இசையை, 'ஜூஜூ மியூசிக்' (1982) தட்டில் தனித்தனிப் பாட்டுகளாக நறுக்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த 'சிங்க்ரோ சிஸ்டம்' கிராமிப் பரிந்துரை பெற்றது. வெள்ளைக்காரர்கள் மணிக்கணக்கில் ஆடினார்கள். ஆடினார்களே தவிர, மேளம் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது புரியாததா என்ன? தாலாட்டின் ராகம் குழந்தைக்குப் பிடித்துவிடுகிறது, சொல்தான் தங்க மாட்டேன் என்கிறது.

1984-ல் வந்த 'ஆரா' தட்டில் ஸ்டீவி வொண்டரே ஹார்மோனிகா வாசித்தார். அப்படியும் எதிர்பார்த்த விற்பனை இல்லை, ஐலண்ட் கைகழுவியது. அடே ஒன்றும் முடங்கிவிடவில்லை. நைஜீரியாவில் அவருக்குச் சொந்த இசைத்தட்டு நிறுவனமே இருந்தது, கல்யாண வீடுகளும் இருந்தன. 1998-ல் வந்த 'ஒடு' தட்டுக்குப் பழைய யொருபாப் பாடல்களையே எடுத்துக்கொண்டார். அதற்கும் கிராமிப் பரிந்துரை கிடைத்தது.