பிரயோக மென்பொருட் பயன்பாட்டை அளக்கும் செய்நிரல்

ஒரு கணினியிலே ஒரே வேளையிற் பல பிரயோக மென்பொருள்கள் திறந்து கிடப்பது வழக்கம். அவற்றுள் எதனை எவ்வளவு நேரம் ஒருவர் பயன்படுத்தினார் என்று கணக்கிடும் செய்நிரலை எழுதுதல் இலகுவான காரியமெனவே முதலில் தோன்றும். 'பயன்படுத்தல்' என்னுஞ் சொல்லின் பொருளை வரையறுக்க முற்படும்போதே இடர் தலைகாட்டுகின்றது.

விண்டோஸ் பணிசெயல் முறைமை, இயங்கும் செய்நிரல்களின் பட்டியலைக் கேட்டவுடன் தரும். ஆயின் அப்பட்டியல் போதாது. காலையிலே திறக்கப்பட்டு மாலைவரை ஒருமுறையேனும் தொடப்படாத மென்பொருளும் அதில் இடம்பெறும். ஆகவே முன்னணியில் நிற்கும் சாளரம் எது என முறைமையை வினவுதல் வேண்டும். சாளரத்தைக் கொண்டு அதற்குரிய செயன்முறையின் எண்ணையும், அவ்வெண்ணைக் கொண்டு மென்பொருளின் பெயரையும் அறியலாம். குறித்த இடைவெளிதோறும் இவ்வாறு வினவலாம். அன்றேல் முன்னணி மாறுந்தோறும் தனக்கு அறிவிக்கும்படி முறைமையை முன்னரே கேட்டுவைக்கலாம். பின்னையதே சிறந்தது. ஐந்து வினாடிக்கொருமுறை வினவும் செய்நிரல், இடையில் இரண்டு வினாடி மாத்திரம் தோன்றி மறைந்த சாளரத்தை அறியாமலே போகக்கூடும்.

சாளரம் முன்னணியில் நிற்கின்றது. அதன் முன்னே ஆள் இருக்கின்றாரா? விசைப்பலகையும் சுட்டியும் இறுதியாக எப்போது தொடப்பட்டன என்பதை விண்டோஸ் 2000 முதலாக முறைமையிடம் கேட்டறியலாம். ஐந்து நிமிடம் அசைவின்றேல் ஆள் எழுந்து சென்றுவிட்டார் எனக் கொள்ளலாம். இது வெறும் ஊகமேயன்றி அளவீடன்று. நீண்ட கட்டுரையொன்றை ஆழ்ந்து வாசிப்பவர் இக்கணக்கிற் சோம்பேறி. வீணே சுட்டியை அசைத்துக்கொண்டிருப்பவரோ உழைப்பாளி! ஊழியரின் உழைப்பை இத்தகைய எண்களால் மதிப்பிட விழையும் மேலதிகாரிகள் இதனை மறத்தலாகாது.

நேரக் கணக்கிலும் பிழைகள் மலிந்துள்ளன. மடிகணினியை மூடிவைத்து உறங்கச் சென்ற ஒருவர் மறுநாட் காலை அதனைத் திறக்கின்றார். முன்னணி மாறிய இரு தருணங்களின் வேறுபாட்டை மாத்திரம் பார்க்குஞ் செய்நிரல், அவ்விரவு முழுவதையும் இறுதியாக நின்ற மென்பொருளின் பெயரிலே வரவு வைத்துவிடும். முறைமை துயில்வதையும் விழிப்பதையும் அறிந்து கணக்கை நிறுத்துதலும் மீளத் தொடங்குதலும் வேண்டும். மேலும், மில்லிவினாடிகளை 32 பிற்றுகளால் எண்ணும் எண்ணியானது ஏறத்தாழ 49.7 நாள்களிற் பூச்சியத்துக்குத் திரும்பும். இடையறாது இயங்கும் கணினியில் இதனைக் கருதாது எழுதிய செய்நிரல் பொருந்தாத விடைகளைத் தரும்.

இவை யாவும் திருத்தக்கூடியவை. சாளரத்தின் தலைப்போ வேறுவகைச் சிக்கல். அதில் மடலின் பொருளும், நோயைப்பற்றித் தேடிய சொல்லும் வெளிப்படையாகத் தோன்றும். 2019 இல் வந்த மாக் கற்றலினா பதிப்பு முதலாக, பிற மென்பொருள்களின் சாளரத் தலைப்புகளை அறியப் பயனரின் இசைவு வேண்டும். லினக்ஸிலே பழைய எக்ஸ் சாளர முறைமை இவற்றை எச்செய்நிரலுக்கும் காட்டிக்கொடுத்தது. அதனிடத்தைப் பெற்றுவரும் வேலண்ட் தன் அடிப்படை விதிகளில் அதற்கு இடமளிப்பதில்லை. தலைப்பை விடுத்துப் பெயரையும் கால அளவையும் மாத்திரம் பதிதல் பெரும்பாலும் போதும். நாள்முழுதும் இணைய உலாவியே முன்னணியில் நிற்கும் கணினியிலோ அப்பெயரால் அறியக்கூடியது சொற்பமே. அங்கே தலைப்பையும் பதிவதாயின், அக்கணினிக்கு முன் அமர்பவர் அதனை முன்கூட்டியே அறிந்து இசைந்திருத்தல் வேண்டும். பதிவும் அவர் பார்க்கவும் அழிக்கவும் கூடியதாய் அக்கணினியிலேயே இருத்தல் வேண்டும்.